வீட்டில் ஆவணம் படிக்க ஏற்ற டேப்லெட்டைத் தேர்ந்தெடுத்தல்

டேப்லெட் என்பது தொடுதிரை கொண்ட, தட்டு வடிவக் கையடக்கக் கணினி ஆகும். தமிழில் இது பலகைக் கணினி, கைக்கணினி என்றும் அழைக்கப்படுகிறது. படம் பார்க்கவும் விளையாடவும் ஏற்ற டேப்லெட் எல்லாம் படிப்பதற்கும் ஏற்றது என்று சொல்ல முடியாது. பாடநூல், அரசாணை, பத்திர நகல், பழைய நூல்களின் வருடல் படி ஆகியவற்றை நெடுநேரம் கண் நோகாமல் படிக்க எத்தகைய டேப்லெட் தேவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தேவை எங்கிருந்து எழுகிறது

செங்கல்பட்டுக்கும் மதுராந்தகத்துக்கும் இடையே நெடுஞ்சாலையில் உள்ள படாளம் போன்ற ஓர் ஊரை எடுத்துக்கொள்ளலாம். அங்குள்ள ஒரு வீட்டில் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பிடிஎஃப் கோப்புகளாக இணையத்தில் கிடைக்கின்றன. பெரியவர்களுக்குப் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று ஆகியவையும் இணையவழியே வருகின்றன. இவற்றைப் பெரும்பாலோர் கைப்பேசியில் பார்க்கிறார்கள்.

கைப்பேசியில் ஒரு வரியைப் படிக்கப் பக்கத்தைப் பெரிதாக்கி, இடமும் வலமும் நகர்த்த வேண்டியிருக்கிறது. மாணவருக்கு இதனால் படித்ததன் தொடர்ச்சி அறுந்துபோகிறது. வெள்ளெழுத்து வந்த பெரியவருக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. சர்வே எண்ணின் உட்பிரிவில் உள்ள 3 என்பது 8 ஆகத் தெரிந்தால், அவர் பார்ப்பது வேறொருவர் நிலத்தின் கணக்காகிவிடும். ஆகவே திரையைத் தேர்ந்தெடுப்பது வசதியைப் பற்றிய செய்தி மட்டுமன்று, பிழையின்றிப் படிப்பதைப் பற்றியதும் ஆகும்.

முதலில் பக்கத்தை அளக்க வேண்டும்

கடைக்காரர் திரையின் மூலைவிட்ட அளவை அங்குலத்தில் சொல்வார். படிப்பவருக்கு வேண்டியது திரையின் அகலம். திரையின் அகலத்தைப் பக்கத்தின் அகலத்தால் வகுத்தால், அச்செழுத்து எந்த அளவுக்குச் சுருங்கும் என்பது தெரிந்துவிடும்.

ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ., உயரம் 29.7 செ.மீ. அதில் 12 புள்ளி அளவில் அச்சான எழுத்து, முழுப் பக்கமும் தெரியும்படி திரையை நிமிர்த்திப் பிடிக்கும்போது பின்வருமாறு சுருங்கும்:

- 6 அங்குல மின்னூல் கருவி: சுமார் 5 புள்ளி. படிக்க இயலாது.
- 8 அங்குல டேப்லெட்: சுமார் 6 புள்ளி. மருந்துச்சீட்டின் பொடியெழுத்தைப் போன்றது.
- 10 அங்குல டேப்லெட் (திரை அகலம் சுமார் 13.6 செ.மீ.): சுமார் 8 புள்ளி. இளங்கண்ணுக்குப் போதும், வெள்ளெழுத்துள்ளவருக்குச் சிரமம்.
- 13 அங்குல டேப்லெட் (4:3 வடிவம்): 10 புள்ளிக்குச் சற்றுமேல். தாளில் படிப்பதற்கு ஏறத்தாழ நிகர்.

தமிழ்ப் பதிப்பகங்கள் பெரிதும் பயன்படுத்தும் டெம்மி 1/8 அளவு நூலின் அகலம் சுமார் 14 செ.மீ. மட்டுமே. அந்நூலின் வருடல் படி 10 அங்குலத் திரையில் ஏறக்குறைய அசல் அளவிலேயே தெரியும். நாவலும் கட்டுரை நூலும் படிப்பவருக்கு 10 அங்குலம் தாராளம். ஏ4 ஆவணங்களையே நாள்தோறும் படிப்பவருக்குத்தான் அதனினும் பெரிய திரை தேவைப்படுகிறது.

பெரிய திரை வாங்க வசதி இல்லாதவருக்கு இரு வழிகள் உண்டு. முதலாவது, 10 அங்குல டேப்லெட்டைக் கிடைமட்டமாக வைப்பது. அப்போது அதன் அகலம் 21 செ.மீ.க்குச் சற்று மிகும். ஏ4 பக்கத்தின் முழு அகலமும் அசல் அளவில் தெரியும். ஒரு நேரத்தில் பாதிப் பக்கத்துக்குச் சற்றுக் குறைவாகப் படித்து, மேலிருந்து கீழாக மட்டும் நகர்த்தினால் போதும். வில்லங்கச் சான்று போன்ற கட்டங்கள் நிறைந்த ஆவணங்களுக்கு இதுவே சிறந்த முறை. இரண்டாவது, பிடிஎஃப் செயலிகள் சிலவற்றில் உள்ள ஓரம் வெட்டும் வசதி. இருபுறமும் 2.5 செ.மீ. ஓரத்தை நீக்கினால், நிமிர்த்திய 10 அங்குலத் திரையிலேயே 12 புள்ளி எழுத்து 10 புள்ளியாகத் தெரியும்.

கோப்பின் வகை

பிடிஎஃப் கோப்பில் பக்க அமைப்பு நிலையானது. எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் திரைக்கு வெளியே போய்விடும். ஈபப் கோப்பு அப்படியன்று. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரைக்கு ஏற்ப மடிந்துகொள்ளும். ஆகவே ஈபப் நூலைச் சிறிய திரையிலும் வசதியாகப் படிக்கலாம்.

படைப்பாக்கப் பொதும உரிமத்தில் நூல்களை வெளியிடும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம், ஒரே நூலை ஈபப், ஏ4 பிடிஎஃப், 6 அங்குலக் கருவிக்கான பிடிஎஃப் எனப் பல வடிவங்களில் தருகிறது. இதைக் காணும்போதே திரைக்கேற்ற வடிவம் என்பதன் பொருள் விளங்கும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் தட்டச்சு செய்யப்பட்ட உரையாகக் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், ஈழத்து நூல்களுக்கான நூலகம் தளத்திலும் வருடிய பக்கப் படங்கள் மிகுதி. வருடல் படிகளுக்குப் பெரிய திரையும், கனமான கோப்பைத் தாங்கும் நினைவகமும் தேவை.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. ஒருங்குறி பரவலாகும் முன்னர் உருவான பல பிடிஎஃப் கோப்புகள் தனித்தனி எழுத்துருக் குறியாக்கங்களில் உள்ளன. கண்ணுக்கு அவை சரியாகவே தெரியும். ஆனால் சொல் தேடினால் கிடைக்காது. படியெடுத்து ஒட்டினால் பொருளற்ற குறிகள் வரும். உரையை ஒலியாக்கும் வசதியும் பயன்படாது. இது டேப்லெட்டின் குறை அன்று. கருவியை மாற்றினாலும் தீராது.

எழுத்தின் தெளிவு

தமிழ் எழுத்துகளில் சிறு வேறுபாடு பொருளையே மாற்றும். எ, ஏ இரண்டுக்கும் ஒரு சிறு கோடும், கி, கீ இரண்டுக்கும் ஒரு சிறு சுழியுமே வேறுபாடு. மெய்யெழுத்தைக் காட்டுவது ஒரு புள்ளி மட்டுமே. ஆகவே திரையில் அங்குலத்துக்கு எத்தனை படப்புள்ளிகள் உள்ளன என்று பார்க்க வேண்டும். 10.1 அங்குலத் திரையில் 1280×800 படப்புள்ளிகள் இருந்தால் அங்குலத்துக்கு சுமார் 149 வரும்; 1920×1200 இருந்தால் சுமார் 224 வரும். முன்னதில் சிறிய எழுத்தின் புள்ளி மங்கும். பின்னதில் தெளிவாக நிற்கும். படிப்பதற்கென்று வாங்குவோர் பின்னதைத் தேர்வதே நல்லது.

மின்தாள் திரையும் ஒளித்திரையும்

மின்தாள் திரை சுற்றுப்புற ஒளியைத் தாளைப் போலவே திருப்பி அனுப்புகிறது. திண்ணையிலோ முற்றத்திலோ பகல் வெளிச்சத்தில் படிக்க இது ஏற்றது. மின்கலமும் பல நாள் தாங்கும். ஆனால் இது பக்கம் மாற்றுவதில் மெதுவானது, பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் மட்டுமே காட்டும். பெரிய மின்தாள் கருவிகளின் விலையும் அதிகம். கதை படிப்பவருக்கு மின்தாள் பொருந்தும். வண்ணப் படங்கள் உள்ள பாடநூலுக்கும் அடிக்கடி முன்னும் பின்னும் புரட்டும் ஆவணத்துக்கும் ஒளித்திரை பொருந்தும்.

ஒளித்திரையின் வெளிச்சம் அறையின் வெளிச்சத்தோடு ஒத்திருக்க வேண்டும். இருட்டறையில் திரை மட்டும் பளிச்சிடுவது கண்ணுக்கு அயர்ச்சி தரும். திரையைப் பார்க்கும்போது இமைப்பது குறைவதால் கண் உலர்கிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பாலுள்ள ஒன்றை 20 நொடிகள் பார்ப்பது எளிய பழக்கம். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி கண் அயர்ச்சியைக் குறைக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. வெள்ளெழுத்துக் கண்ணாடி அணிபவர், அக்கண்ணாடி அளிக்கப்பட்ட தொலைவிலேயே திரையை வைக்க வேண்டும். அது பொதுவாக ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு, அதாவது சுமார் 40 செ.மீ.

10 அங்குல டேப்லெட் அரைக் கிலோ அளவு எடை கொண்டது. கையில் பிடித்தபடி ஒரு மணி நேரம் படிக்க இயலாது. சாய்த்து வைக்கும் தாங்கி ஒன்றையும் சேர்த்து வாங்குவது, கழுத்தும் மணிக்கட்டும் நோகாமல் காக்கும்.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனை

கடையில் ஓடும் விளம்பரப் படத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. வீட்டில் உண்மையாகப் படிக்கும் மூன்று கோப்புகளை, ஒரு பாடநூல், ஒரு பழைய வருடல் நூல், ஒரு வில்லங்கச் சான்று என, கைப்பேசியிலோ பென் டிரைவிலோ கொண்டு செல்ல வேண்டும். அவற்றைத் திறந்து பின்வருவனவற்றைப் பார்க்கலாம்:

- பெரிதாக்காமலே மெய்யெழுத்தின் புள்ளியும் சர்வே எண்ணும் தெளிவாகத் தெரிகின்றனவா?
- நூறு பக்கம் தாண்டித் தாவும்போது பக்கம் உடனே திறக்கிறதா?
- விளக்கின் நிழலுரு திரையில் விழுந்து எழுத்தை மறைக்கிறதா?
- நினைவக அட்டை செருக இடம் உள்ளதா?

வீட்டில் யார் படிக்கப் போகிறாரோ அவரையே அழைத்துச் சென்று, அவருடைய கண்ணாடியோடு படிக்கச் சொல்வது சிறந்தது. பேரனின் கண்ணுக்குப் போதுமான திரை தாத்தாவின் கண்ணுக்குப் போதாமல் போகலாம். இருவரும் பகிரும் கருவி என்றால் தாத்தாவின் கண்ணையே அளவாகக் கொள்ள வேண்டும். அவருக்குத் தெளிவாகத் தெரிவது பேரனுக்கும் தெரியும்.