குஞ்சம் ஒன்று, பெட்டி இரண்டு

யூத மறையின் கட்டளைகள் 613 என்பது பலரும் கேட்டிருக்கும் செய்தி. செய்யச் சொன்னவை 248, செய்யாதே என்றவை 365. உடலின் உறுப்புகளோடும் ஆண்டின் நாட்களோடும் இவற்றைப் பொருத்திக் காட்டினார்கள் பண்டை ரபிகள். தொகை முதலில் வந்துவிட்டது. எவையெல்லாம் அந்த 613 என்ற பட்டியல் நூற்றாண்டுகள் கழித்தே வந்தது. கவிஞர்கள் அதைப் பாட்டாகவும் கட்டினார்கள். எகிப்தில் மருத்துவராகவும் சட்ட அறிஞராகவும் வாழ்ந்து 1204இல் மறைந்த மைமோனிடீஸுக்கு அந்தப் பட்டியல்கள் எதுவும் நிறைவு தரவில்லை. அரபு மொழியில் அவர் எழுதிய 'கட்டளைகளின் நூல்', பட்டியலுக்குள் போகும் முன் எண்ணும் முறைக்கே 14 விதிகள் வகுக்கிறது. நூலின் உயிர் இந்த 14 விதிகள்தான் என்பேன்.

11ஆம் விதியைப் பாருங்கள். பல பகுதிகள் கொண்ட கட்டளையைச் சேர்த்து எண்ணுவதா, பிரித்து எண்ணுவதா? சாணார்பட்டியிலிருந்து திண்டுக்கல் போய்ப் பூட்டு வாங்கி வருபவர் பூட்டு ஒன்று, சாவி ஒன்று என்று தனித்தனியாகக் கணக்கெழுத மாட்டார்; ஒன்றில்லாமல் மற்றது உதவாது. கூடாரப் பண்டிகையில் கையில் ஏந்தும் நான்கு தாவரங்களும் அப்படித்தான். ஒன்று குறைந்தாலும் சடங்கு நிறைவேறாது, ஆகவே கட்டளை ஒன்று. வழிபாட்டின்போது வாரால் கட்டிக்கொள்ளும் தோல்பெட்டிகள் வேறு வகை. கைப்பெட்டிக்குள் நான்கு மறைப்பகுதிகளும் ஒரே சுருளில் இருக்கும். தலைப்பெட்டிக்குள் நான்கு அறைகள், அறைக்கொரு சுருள். ஒரு பெட்டி இல்லாவிட்டாலும் மற்றதை அணியலாம் என்பதால் கட்டளை இரண்டு. இதுவரை எளிது. ஆனால் ஆடை மூலையில் தொங்கும் குஞ்சத்தில் வெள்ளை நூலும் நீல நூலும் உண்டு. நீலம் கிடைக்காவிட்டால் வெள்ளை மட்டுமே போதும். அப்படியும் கட்டளை ஒன்றே என்கிறார். பூட்டுக் கணக்கு இங்கே செல்லாது. கண்டதும் கட்டளைகள் நினைவுக்கு வர வேண்டும் என்பதே இரு நூலுக்கும் நோக்கம். நோக்கம் ஒன்றானால் எண்ணிக்கையும் ஒன்று.

தொகையை முதலில் வைத்துக்கொண்டு அதற்கேற்பக் கூட்டிக் குறைத்ததுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் நக்மானிடீஸ், 613 என்பதே எல்லோரும் ஒப்பிய தொகையா என்று ஐயம் எழுப்பி, இந்த விதிகளுக்கு மறுப்பும் எழுதினார். அவரால் மறுக்க முடிந்ததே விதிகள் வெளிப்படையாக இருந்ததால்தான். காரணம் சொல்லாத பட்டியலோடு யாரும் வாதாட முடியாது.

இப்படி ஒழுக்க விதிகளைத் தொகுத்த நூல் நம்மிடமும் இருக்கிறது: பெருவாயின் முள்ளியாரின் ஆசாரக்கோவை, 100 பாடல்கள். பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்று என்று ஒரு மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்ய வைத்து, அதோடு நூலை மூடிவிடுகிறோம். அதில் ஒரே பாட்டு, நீராட வேண்டிய சமயங்கள் பத்து என்கிறது. வாந்தி எடுத்தால், முடி களைந்தால் என்று சொல்லிக்கொண்டே போய், தாழ்ந்தவராகக் கருதப்பட்டவர் உடல் பட்டாலும் நீராடு என்கிறது. விதி ஒன்றா, பத்தா? இன்றைக்கு ஒவ்வாத நூலை எதற்குப் பிரித்துப் பார்ப்பது என்பார்கள். ஒவ்வாததாலேயே பார்க்க வேண்டும். நோக்கத்தை வைத்து எண்ணினால், உடலழுக்கைக் கழுவும் விதியும் மனிதரைத் தள்ளிவைக்கும் விதியும் அந்த ஒரே பாட்டுக்குள் இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன.