வெப்பமான பகுதிகளில் பெலார்கோனியம் வளர்ப்பு

பெலார்கோனியம் என்பது ஜெரானியேசியே குடும்பத்தைச் சேர்ந்த பூக்கும் தாவரப் பேரினம் ஆகும். இதில் ஏறத்தாழ 280 இனங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை தென்னாப்பிரிக்காவையும் அதன் அண்டைப் பகுதிகளையும் தாயகமாகக் கொண்டவை. செடி விற்பனையகங்களில் இது "ஜெரேனியம்" என்றே அழைக்கப்படுகிறது. வெப்பமான பகுதிகளில் இச்செடி நிலைப்பது, ஏற்ற வகையைத் தேர்வதையும் நீர் விடும் அளவையும் பொறுத்தது.

பெயர்

கார்ல் லின்னேயசு 1753இல் இச்செடிகளை ஜெரேனியம் பேரினத்திலேயே சேர்த்திருந்தார். பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரித்தியே 1789இல் இவற்றைத் தனிப் பேரினமாகப் பிரித்தார். ஆயினும் பழைய பெயரே மக்கள் வழக்கில் நிலைத்துவிட்டது. 'பெலார்கோசு' என்ற கிரேக்கச் சொல்லுக்கு நாரை என்பது பொருள். இதன் காய் நாரையின் அலகைப் போல நீண்டிருக்கும். ஜெரேனியம் பூவில் ஐந்து இதழ்களும் ஒத்திருக்கும். பெலார்கோனியம் பூவில் மேலிரண்டு இதழ்கள் கீழ்மூன்றிலிருந்து பொதுவாக வேறுபட்டிருக்கும்.

வகைகள்

- வளைய இலை வகை: இலையில் கருமையான வளையம் காணப்படும். சமவெளியில் தொட்டியில் வளர்க்கத் தொடங்குவோருக்கு ஏற்றது.
- படர் வகை: தடித்த, பளபளப்பான இலைகள் கொண்டது. தொங்கு தொட்டிக்கு ஏற்றது. பிற்பகல் வெயிலில் நிழல் தேவை.
- ரீகல் வகை: பெரிய பூக்கள் கொண்டது. மொட்டு உருவாகச் சில வாரங்கள் குளிர்ச்சி தேவைப்படுவதால், இரவிலும் வெப்பம் குறையாத சமவெளிகளில் சரிவரப் பூப்பதில்லை. மலைப் பகுதிகளுக்கே ஏற்றது.
- நறுமண இலை வகை: இலையைக் கசக்கினால் ரோசா, எலுமிச்சை, புதினா போன்ற மணம் வரும். ரோசா மணமுள்ள வகை நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் எண்ணெய்க்காகப் பயிரிடப்படுகிறது.

வளர்ப்பு முறை

தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் பகுதியில் மழை குளிர்காலத்தில் பெய்கிறது, கோடை வறண்டிருக்கும். அங்குள்ள பல இனங்கள் குளிர்காலத்தில் வளர்ந்து, கோடையில் ஓய்வெடுக்கின்றன. தோட்ட வகைகளும் கடும் வெப்பத்தில் வளர்ச்சி குன்றிப் பூப்பதை நிறுத்தக்கூடும். இலைகள் மஞ்சளாவதைக் கண்டு நீர்ப் பற்றாக்குறை என்று கருதிக் கூடுதலாக நீர் விட்டால், சூடான ஈரமண்ணில் காற்றோட்டமின்றி வேர்கள் அழுகுகின்றன. கோடையில் செடி இறப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எனவே மேல்மண் காய்ந்த பிறகே நீர் விட வேண்டும். செம்மண், ஆற்றுமணல், மட்கிய எரு ஆகியவற்றைச் சம அளவில் கலந்து, அடியில் துளையுள்ள மண்தொட்டியில் நடலாம். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் உள்ள இடம் சிறந்தது. கோடையில் உரமிடுவதைத் தவிர்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்கு மாற்றுவது நல்லது. தழைச்சத்து மிகுந்தால் இலை பெருகிப் பூ குறையும். வாடிய பூங்கொத்துகளைக் காம்புடன் கிள்ளிவிட்டால் புதிய மொட்டுகள் தோன்றும்.

இனப்பெருக்கம்

மழை ஓய்ந்து குளிர்ச்சி நிலவும் மாதங்களில், பூக்காத கிளை நுனியைக் கணுவுக்குக் கீழே 8 முதல் 10 செ.மீ. நீளத்தில் வெட்ட வேண்டும். அடியிலைகளை நீக்கி, வெட்டுவாய் உலரும்வரை சில மணி நேரம் நிழலில் வைத்து, ஈர மணலில் ஊன்றலாம். பிளாசுட்டிக் உறையால் மூடினால் தண்டின் அடி கறுத்து அழுகக்கூடும். பழைய செடி கோடையைத் தாண்டாமல் போனாலும் வகை அழியாதிருக்க, ஆண்டுதோறும் சில துண்டுகளை வேர்பிடிக்க வைப்பது பயனுள்ளது.

நோய்கள்

இலையின் அடிப்புறத்தில் பழுப்புநிறப் பொடி வளையங்கள் தெரிந்தால் அது துரு நோய். அவ்விலைகளை அகற்றி, இலைகள் நனையாமல் மண்ணில் மட்டும் நீர் விட வேண்டும்.