நாம் எடுத்த படம் இறுவட்டில்

கலைவிழா நாடகம், காக்காவின் கல்யாணம், உம்மும்மா பாடும் தாலாட்டு எல்லாவற்றையும் இன்று கைத்தொலைபேசியிலேயே படம்பிடித்துவிடுகிறோம். அதை வெட்டி ஒழுங்காக்கி, டிவிடி இறுவட்டில் பதித்து, வெளியூரிலுள்ள சாச்சாவுக்கு அனுப்பினால், "என் கணினியில் திறக்குதில்லையே" என்று பதில் வருவதுண்டு. பெரும்பாலும் குற்றம் இறுவட்டில் இல்லை, பதித்த முறையில்தான்.

முதலாவது சிக்கல் தொகுப்பு மென்பொருளில் தொடங்குகிறது. அங்கே 'சேமி' என்று அழுத்தினால் கிடைப்பது படம் அல்ல. எந்தத் துண்டு எங்கே வரவேண்டும் என்ற குறிப்பு மட்டுமே. அந்தச் சிறிய கோப்பை இறுவட்டில் பதித்தால் மற்றக் கணினியில் ஒன்றும் தெரியாது. படமாக 'ஏற்றுமதி' செய்யவேண்டும். அதற்கு முன்னர் இன்னொரு வேலை உண்டு. கல்யாண வீட்டில் பெண்கள் பகுதியில் எடுத்த காட்சிகள் யார் யார் கண்ணில் படலாம் என்பதை வீட்டாரிடம் கேட்டு, வேண்டாதவற்றை இப்போதே வெட்டிவிடுங்கள். இறுவட்டிலுள்ள கோப்பைச் சில நிமிடங்களில் எவரும் பிரதியெடுக்கலாம். கொடுத்த பிறகு அதைத் திரும்பப் பெற வழியில்லை.

ஏற்றுமதியின்போது நடப்பதுதான் குறியாக்கம். ஒரு விநாடிக்கு 25 அல்லது 30 படங்கள் என்று அத்தனையையும் முழுதாக வைத்தால் எந்த இறுவட்டும் போதாது. ஆகவே மென்பொருள் மாற்றங்களை மட்டும் குறித்துக்கொள்கிறது. மேடையின் திரைச்சீலை அசையாமல் நின்றால் அதை ஒருமுறை எழுதினால் போதும், நடிப்பவரின் கையசைவே புதிதாக எழுதப்படும். இப்படிச் சுருக்கும் முறைகளுள் 2003இல் வெளிவந்த எச்.264 பரவலானது. எம்பி4 என்பது அவ்வாறு சுருக்கிய படத்தையும் ஒலியையும் சேர்த்து வைக்கும் உறை. இவ்விரண்டையும் தெரிவுசெய்தால் அநேகமாக எல்லாக் கணினிகளிலும் ஓடும். இலவசமாகக் கிடைக்கும் ஹேண்ட்பிரேக் மென்பொருள் இதற்குப் போதுமானது.

தொலைக்காட்சியோடு இணைத்துப் பார்க்கும் பழைய டிவிடி கருவிக்கு வேறு விதி. அதற்கு எம்பெக்-2 என்ற முறையில், நம் நாட்டுப் பால் தரத்தின்படி 720க்கு 576 புள்ளிகளில் படம் இருக்கவேண்டும். கைத்தொலைபேசியில் 1920க்கு 1080 புள்ளிகளில் எடுத்த படம் அங்கே ஐந்திலொரு பங்காகக் குறைந்துவிடும். கணினியில் மட்டும் பார்ப்பதென்றால் அந்தத் தெளிவை ஏன் இழக்கவேண்டும்? எம்பி4 கோப்பை அப்படியே தரவாகப் பதிவதே என் தெரிவு.

அளவைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். உறையில் 4.7 கிகாபைட் என்றிருக்கும். கணினி அதையே ஏறத்தாழ 4.38 என்று காட்டும். எண்ணும் முறையில்தான் வேறுபாடு, யாரும் ஏமாற்றவில்லை. உதாரணமாக விநாடிக்கு 17 மெகாபிட் வீதத்தில் எடுத்த 40 நிமிட நாடகம் 5.1 கிகாபைட் வரும். அது கொள்ளாது. வீதத்தை 8 மெகாபிட்டாகக் குறைத்தால் 2,400 விநாடிக்கு 19,200 மெகாபிட், எட்டால் வகுக்க 2.4 கிகாபைட். தாராளமாக இடமுண்டு. இரண்டு மணித்தியாலப் படமென்றால் வீதம் 4 மெகாபிட் அளவில் நிற்கவேண்டும்.

பதிவதைக் கடைகளில் 'பேர்ன் பண்ணுதல்' என்பார்கள். பெயர் பொருத்தமானதே: லேசர் ஒளியின் வெப்பம் இறுவட்டிலுள்ள சாயப்படலத்தை மாற்றித்தான் எழுதுகிறது. விண்டோஸில் வெற்று இறுவட்டைப் போட்டதும் இரண்டு வழிகள் கேட்கப்படும். 'யூஎஸ்பி போல' என்பதை விட்டு, 'சீடி, டிவிடி கருவியுடன்' என்றிருப்பதைத் தெரிவுசெய்யுங்கள். மற்றக் கணினிகளில் சிக்கலின்றித் திறக்க அதுவே ஏற்றது.

பதிந்து முடிந்ததும் மூலப் படத்தை அழித்துவிடாதீர்கள். முதலில் வேறொரு கணினியில் போட்டுப் பாருங்கள், அதுவும் கடைசிப் பத்து நிமிடத்தை. இறுவட்டு உள்ளிருந்து வெளிநோக்கி எழுதப்படுவதால், நிறைந்த இறுவட்டில் கோளாறு அதிகம் தலைகாட்டுவது வெளி விளிம்பில். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் இறுவட்டு ஓட்டியே இல்லை என்பதால், சாச்சாவிடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுவதும் நல்லது. பெயரையும் திகதியையும் இறுவட்டுக்கென்றே விற்கும் மென்முனைப் பேனாவால் மேற்பக்கத்தில் எழுதுங்கள். தாள் ஒட்டினால் சுழலும்போது சமநிலை கெடும்.