ஒருமுறையேனும் கேட்கத்தக்க இசைத்தொகுதிகள்

சின்ன காஞ்சிபுரத்துத் தெருக்களில் தறியோசையையும், வரதராஜப் பெருமாள் சந்நிதியின் நாகசுர ஒலியையும் கேட்டுப் பழகிய நமக்கு, மேனாட்டு ‘ராக்’, ‘பாப்’ சங்கீதத்தோடு என்ன சம்பந்தம் என்று சிலர் வினவக்கூடும். சம்பந்தம் உண்டென்பதையும், அது நாம் எண்ணுவதினும் அணித்தானது என்பதையும் விளக்குதலே இவ்வியாசத்தின் நோக்கம்.

முதற்கண் ‘ஆல்பம்’ எனப்படும் இசைத்தொகுதி யாதென அறிதல் வேண்டும். பழைய இசைத்தட்டு நிமிஷத்திற்கு 78 முறை சுழல்வது. அதன் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிஷப் பாட்டே அடங்கும். 1948ஆம் ஆண்டில் அமெரிக்கக் கொலம்பியா கம்பெனியார் வெளியிட்ட நெடுந்தட்டோ, 33⅓ முறை சுழன்று, பக்கத்திற்கு இருபது நிமிஷத்திற்கு மேலும் இசையைத் தாங்க வல்லதாயிற்று. அதனால் பல பாட்டுகளை ஒழுங்குபட நிறுத்தி, ஒரு நூலின் அதிகாரங்களைப் போல் அமைக்க இடமுண்டாயிற்று. 1967இல் பீட்டில்ஸ் என்னும் ஆங்கிலக் குழுவினர் வெளியிட்ட ‘சார்ஜன்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்’ இவ்வமைப்பிற்குத் தக்க உதாரணம். அதன் இரண்டாம் பக்கம் சித்தாரும் தபலாவும் ஒலிக்கும் பாட்டோடு தொடங்குதல் நோக்கத்தக்கது. ராக் இசையைக் கேட்கப் புகுவோர் இதனின்று தொடங்கலாம்.

அடுத்து நம்மவர் பங்குகொண்ட தொகுதிகளைக் கூறுவோம். மின்சாரக் கித்தாரால் பெரும்புகழ் எய்திய ஜான் மெக்லாக்லின் என்னும் ஆங்கிலேயர், அதனை விடுத்து, மின்சாரமில்லாக் கித்தாரைக் கையிலேந்தித் தரையில் அமர்ந்து நம்மவரோடு வாசித்தார். அக்குழுவின் பெயர் ‘சக்தி’. எல். சங்கரின் வயலினும், ஜாகிர் உசேனின் தபலாவும், ஆர். ராகவனின் மிருதங்கமும், விக்கு விநாயகராமின் கடமும் அதில் கூடின. 1975இல் நியூயார்க் மாகாணத்துக் கல்லூரியொன்றில் நிகழ்ந்த அவர்தம் கச்சேரியே 1976இல் முதல் தொகுதியாக வெளிவந்தது. தறியில் உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தால் நெய்து இணைப்பதை நாம் கோர்வை என்கிறோம். லய வித்துவான்கள் சொற்கட்டுகளை இணைத்து முடிப்பதற்கும் அதுவே பெயர். இவ்விரண்டு கோர்வையின் இயல்பையும் இத்தொகுதியில் ஒருங்கே காணலாம்.

இளையராஜா 1986இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்?’ என்பது சினிமாவிற்காக அன்றித் தனியே ஆக்கப்பெற்ற வாத்திய இசை. அவர் அதனைத் தியாகராஜ சுவாமிகளுக்கும், ஜெர்மானிய மேதையாகிய பாக்கிற்கும் காணிக்கையாக்கினார். வி. எஸ். நரசிம்மனின் வயலின் அதில் முதன்மை பெறுகிறது. ராகமென்னும் ஒற்றை ஒழுக்கும், பல குரல்கள் ஒருங்கே செல்லும் மேனாட்டு முறையும் எங்ஙனம் பொருந்தும் என ஐயுறுவோர்க்கு இதுவே விடை.

ஏ. ஆர். ரஹ்மானின் ‘வந்தே மாதரம்’ 1997இல், நம் நாட்டு விடுதலையின் பொன்விழாவை ஒட்டி வெளியாயிற்று. அதில் பாகிஸ்தான் கவ்வாலி மேதையாகிய நுஸ்ரத் பதே அலி கானும் பாடியுள்ளார். அவர் அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே காலமானார். எல்லைக்கு இருபுறத்தாரும் அமைதியை வேண்டி ஒரே பாட்டில் கூடியதை நாம் சிறிதென எண்ணலாகாது.

இறுதியாக ‘கலா’ என்பது. லண்டனிற் பிறந்து, யாழ்ப்பாணத்தில் சிறுபருவங் கழித்து, யுத்தத்தால் அகதியாக லண்டனுக்கே மீண்ட மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்னும் பெயரால், 2007இல் இதனை வெளியிட்டார்; தொகுதிக்குத் தம் தாயாரின் பெயரையே இட்டார். சென்னையில் பதிந்த உறுமி முதலிய மேளங்களின் முழக்கம் அதில் கேட்கும். துப்பாக்கியோசையைத் தாளமாக்கும் பாட்டொன்றும் உண்டு. அது செவிக்கு இனிமையன்று என்பார் கூற்றை நாம் மறுக்கவில்லை. ஆயினும் வந்தேறிகளை ஐயத்தோடு நோக்கும் உலகை எள்ளுதற்கே அவ்வோசை அமைந்தது என்பதை உணர்ந்து கேட்டல் வேண்டும்.

இவற்றைக் கேட்கும் முறையும் ஒன்றுண்டு. முந்தானையில் ஒரு சாண் வெட்டிக் காட்டிப் புடவையின் அழகை அறிவிக்க இயலுமோ? கைப்பேசியில் ஒரு பாட்டை அரைகுறையாய்க் கேட்டு மற்றொன்றிற்குத் தாவுவது அத்தகையதே. முக்கால் மணி நேரம் ஓரிடத்தமர்ந்து, முதலிலிருந்து இறுதிவரை, வரிசை மாற்றாது கேட்டல் வேண்டும். முதல் முறை பிடிக்காததை மறுமுறையும் கேட்டபின்னரே தள்ளுக.

நம் ஊர்ச் செய்தியொன்றைக் கூறி முடிப்போம். லயத்தில் இணையற்றவர் எனப் போற்றப்பட்ட காஞ்சீபுரம் நயினாப் பிள்ளை (1889–1934), மிருதங்கம், கஞ்சிரா, கடம் முதலிய பல பக்கவாத்தியங்கள் சூழப் பாடியவர். இசைத்தட்டுகள் ஏராளமாய் விற்பனையான காலத்தில் வாழ்ந்தும், அவர் குரலைத் தாங்கிய தட்டொன்றும் நமக்கு வாய்க்கவில்லை. இதே காஞ்சியில் 1919இல் பிறந்து, அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்த டி. கே. பட்டம்மாளின் இசையில்தான் அவர் பாணியின் சாயலை இன்று நாம் தேட வேண்டியிருக்கிறது. பதியாத இசை கேட்டாரோடு மறைகிறது. பதிந்தும் கேட்கப்பெறாத இசையின் நிலையும் அதனின் வேறன்று. முன்னதற்கு நாம் ஒன்றும் செய்வதற்கில்லை. பின்னது நம் கையில் உள்ளது. ஆதலின், மாணாக்கர்காள், விடுமுறை நாளொன்றில் இவற்றுள் ஒன்றையேனும் முழுதும் கேட்பீராக.