தாய்க்கோழி கற்பிக்கும் பாடம்

வீட்டு முற்றத்தில் தாய்க்கோழி குஞ்சுகளுடன் குப்பையைக் கிளறும் காட்சியை நீங்கள் கண்டிருப்பீர்கள். இத்தனை அழுக்கைக் கொத்தித் தின்னும் குஞ்சுகள் எவ்வாறு பிழைக்கின்றன என்று சிறு வயதில் நான் வியந்ததுண்டு. விடை பின்னாளில்தான் விளங்கிற்று. தாய் கிளறும் மண்ணிலும் எச்சத்திலும் உள்ள நன்மை தரும் நுண்ணுயிர்கள் குஞ்சின் குடலில் குடியேறுகின்றன. பிறகு வரும் தீய கிருமிகளுக்கு அங்கே இடம் கிடைப்பது அரிது.

பிராய்லர் எனப்படும் கறிக்கோழிக்கு இந்தப் பேறு இல்லை. இயந்திரச் சூட்டில் பொரிந்த குஞ்சு தாயைக் காண்பதே இல்லை. ஆயிரக்கணக்கான குஞ்சுகளோடு ஒரே கொட்டகையில் வளர்ந்து, ஏறத்தாழ ஆறு வாரங்களில் இரண்டு கிலோ எடையை எட்டுகிறது.

இவ்வளவு விரைந்த வளர்ச்சிக்குத் துணையாக வந்தவற்றுள் ஒன்று, நுண்ணுயிர்க்கொல்லி மருந்து. 1940களின் இறுதியில் அமெரிக்காவில் ஜூக்ஸ், ஸ்டாக்ஸ்டட் என்னும் அறிஞர்கள், வைட்டமின் பி12 தேடும் முயற்சியில், ஆரியோமைசின் மருந்து தயாரித்தபின் எஞ்சிய சக்கையைக் குஞ்சுகளுக்கு ஊட்டினார்கள். குஞ்சுகள் எதிர்பார்த்ததற்கு மேலாக வளர்ந்தன. சக்கையில் தங்கியிருந்த மருந்தே அதற்குக் காரணம் என்பது பின்னர் தெரிந்தது. அது முதல் நோயற்ற கோழிகளுக்கும் தீவனத்தில் சிறிதளவு மருந்து கலப்பது வழக்கமாயிற்று.

தீங்கு அந்தச் சிறிதளவில்தான் இருக்கிறது. வலுவற்ற கிருமிகள் மடிகின்றன. மருந்தைத் தாங்கவல்லவை எஞ்சிப் பெருகுகின்றன. போதிய அளவின்றிப் பெனிசிலினைப் பயன்படுத்தினால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்று, 1945இல் நோபல் பரிசு உரையிலேயே பிளெமிங் எச்சரித்தார். அவ்வாறு பழகிய கிருமிகள் இறைச்சி, எரு, நீர் ஆகியவற்றின் வழியே மனிதரை அடைகின்றன. அப்போது நோயுற்ற ஒரு குழந்தைக்குக் கொடுக்கும் மருந்து பலிக்காமற் போகலாம்.

இதனால், வளர்ச்சிக்காக மருந்து கலப்பதை ஸ்வீடன் 1986இல் தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் முற்றிலும் விலக்கியது. பிற மருந்துகள் பயன்படாதபோது மருத்துவர் கடைசியாக நாடும் கோலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குப் பயன்படுத்துவதை இந்தியா 2019இல் தடை செய்தது.

அப்படியானால் மாற்று வழி யாது? 1973இல் பின்லாந்து அறிஞர்களான நுர்மியும் ரன்டாலாவும், நோயற்ற முதிர்ந்த கோழியின் குடற்பொருளை இளங்குஞ்சுகளுக்கு ஊட்டினார்கள். ஸால்மொனெல்லா கிருமி அக்குஞ்சுகளின் குடலில் எளிதில் வேரூன்ற முடியவில்லை. முற்றத்துத் தாய்க்கோழி செய்ததையே அவர்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் செய்தார்கள்! இன்று லாக்டோபாசிலஸ் போன்ற நல்ல நுண்ணுயிர்களைத் தீவனத்தில் கலக்கிறார்கள். ஈஸ்ட்டின் செல் சுவரிலுள்ள சர்க்கரைப் பொருள் தீய கிருமிகளைப் பற்றிக்கொண்டு, அவை குடலில் ஒட்டாமல் தடுக்கிறது. பியூட்டிரிக் அமிலம் குடற்சுவருக்கு ஊட்டமாகிறது. நம் அடுக்களை ஓமத்திலுள்ள தைமால் கிருமியின் மேலுறையைச் சிதைக்கிறது. பூண்டும் மஞ்சளும் ஆராயப்பட்டு வருகின்றன.

ஆனால், இவற்றை மந்திரமாகக் கருதலாகாது. மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மூலிகையின் சத்து மாறும். அளவு மாறினால் பயனும் மாறும். நோயுற்ற கோழிக்கு மருத்துவர் தரும் மருந்து வேண்டியதே. ஈரமற்ற தரை, தூய நீர், நல்ல காற்று, தடுப்பூசி ஆகியவை இல்லாத கொட்டகையில் ஓமமும் பூண்டும் என்ன செய்யும்?

மருந்து நோய்க்கு உரியது; அன்றாடத் தீவனத்துக்கு உரியதன்று. கோழிப்பண்ணையில் நாம் அதைக் காத்துவைத்தால், மருத்துவமனையில் அது நம்மைக் காக்கும்.