முகாம் வேறு, கூடாரம் வேறு: மணற்காட்டில் ஓர் இரவு தங்க விரும்புவோருக்கு

முகாம் என்றால் எங்களுக்கு இராணுவ முகாம், அகதி முகாம், தடுப்பு முகாம். ஆசைப்பட்டு வெளியில் படுப்பதற்கு அந்தச் சொல்லை நாங்கள் ஒருநாளும் பாவித்ததில்லை. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்களுக்கும், 2009 இல் மெனிக் பாமில் இருந்தவர்களுக்கும் தறப்பாள் என்றால் என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை. இன்று விடுமுறைக்கு வரும் புலம்பெயர் பிள்ளைகள் கூடாரமும் கையுமாக வந்து, மணற்காட்டில் ஓர் இரவு தங்கலாமா என்று கேட்கிறார்கள். தங்கலாம். அவர்களுக்கு நான் சொல்லும் விடயங்கள் இவை.

முதலில் காலம். அவர்கள் வரும் யூலை, ஓகஸ்ட் மாதங்களில் சோழகக் காற்று மணலை வாரி இறைக்கும். ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை மாரி மழை. பெப்ரவரி முதல் ஏப்ரல் வரையான காலமே அமைதியானது.

புல்தரைக்கென்று செய்த மெல்லிய முளைகள் மணலில் நிற்காது. உரப்பையில் பாதிக்கு மணல் நிரப்பி, வாயோடு சேர்த்துக் கயிற்றைக் கட்டி, ஒன்றரை அடி ஆழத்தில் கிடையாகப் புதையுங்கள். கூடாரத்தின் வாசல் காற்றுக்கு எதிர்ப்புறம் இருக்கட்டும்.

பள்ளத்தில் கூடாரம் அடிக்காதீர்கள். 2009 ஓகஸ்ட் மழையில் மெனிக் பாம் கூடாரங்களுக்குள் வெள்ளம் புகுந்ததை மறந்திருக்க மாட்டோம். கரைவலை இழுக்கும் பாட்டையும் விட்டு விலகியிருங்கள். அது விடியலில் தொழில் நடக்கும் இடம். கிராம அலுவலரிடமும் ஊர்க் கடற்றொழிலாளரிடமும் முன்கூட்டியே கேளுங்கள். சவுக்கஞ்சருகு சட்டென்று பற்றிக்கொள்ளும். ஆகவே மரங்களுக்கு அருகில் நெருப்பு மூட்டக்கூடாது.

வெறும் பாயில் படுக்க வேண்டாம். அடித்தளம் தைத்த, முழுதாக மூடக்கூடிய கூடாரமே பாதுகாப்பு. கட்டுவிரியன் இரவில் நித்திரையில் இருப்பவரைத் தீண்டும். பெரும்பாலும் வலி தெரியாது. விடியலில் வயிற்று வலியோ, கண்ணிமை தொங்கலோ இருந்தால் தாமதிக்காதீர்கள். கடிவாயைக் கீறவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. ஆளை அசையாமல் வைத்து, 1990 அம்புலன்ஸை அழைத்து, மந்திகை ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

தெற்கே நாகர்கோவில், முகமாலை, கிளாலி வரிசை போர்க்காலத்தில் முன்னரங்காக இருந்த நிலம். அந்தப் பக்கம் பாதையை விட்டு இறங்க வேண்டாம். மண்டையோட்டுப் பலகை இல்லை என்பதற்காக மிதிவெடியும் இல்லை என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. தெரியாத இரும்புப் பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பிப் பொலிஸுக்கு அறிவியுங்கள்.

கொண்டு போக வேண்டியவை: ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லீற்றர் தண்ணீர், இரண்டு ரோச், சார்ஜ் ஏற்றிய தொலைபேசி, நுளம்புத்திரி, மூடிய சப்பாத்து, மேலதிகக் கயிறு, உரப்பைகள், முதலுதவிப் பெட்டி, ஒரு தறப்பாள், குப்பையைத் திருப்பிக் கொண்டுவர ஒரு பை. நுளம்புத்திரியைக் கூடாரத்துக்கு வெளியிலேயே கொளுத்துங்கள்.

கடைசியாக ஒன்று. வீட்டுப் பெரியவர்களைக் கூடாரத்துக்குள் படுக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். காற்றில் தறப்பாள் படபடக்கும் சத்தம் சிலருக்கு இன்னும் நித்திரையைத் தராது. அவர்கள் பகலில் வந்து, கயிறு கட்டும் விதத்தைக் காட்டித் தந்துவிட்டு, பொழுதுபட வீட்டுக்குப் போகட்டும். விரும்பியபோது வீட்டுக்குத் திரும்பலாம் என்பதுதான் முகாமுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்.