அலுமினியப் படகுக்கு எபாக்சி பூச்சு: அரைகுறையாகச் செய்தால் ஆபத்து

அலுமினியம் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மைதான். காற்று பட்டவுடனே அதன்மேல் சில நானோமீட்டர் கனத்தில் ஓர் ஆக்சைடு படலம் படிந்துவிடுகிறது. உலோகத்துக்கு அதுவே கவசம். மக்னீசியம் கலந்த 5083, 5086 ரகத் தகடுகள் பெயின்ட் இல்லாமலே கடலில் பல ஆண்டுகள் தாங்கும். அதனால்தான் வேலைப் படகுகள் பலவற்றில் நீர்மட்டத்துக்கு மேலே வெறும் உலோகமாகவே விட்டுவிடுகிறார்கள்.

பிறகு எபாக்சி எதற்கு? எப்போதும் தண்ணீரில் கிடக்கும் அடிப்பகுதியில் பாசியும் சிப்பியும் ஒட்டும். அவற்றைத் தடுக்கும் பெயின்ட்களில் பெரும்பாலும் தாமிர ஆக்சைடு இருக்கும். உப்புநீரில் தாமிரமும் அலுமினியமும் சேர்ந்தால் மின்கலம் உருவாகி அலுமினியம் கரையத் தொடங்கும். வெண்கலப் புரொப்பல்லரும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் செய்வது இதைத்தான். 2010இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த ‘இண்டிபெண்டன்ஸ்’ அலுமினியப் போர்க்கப்பலிலும், மறு ஆண்டே வாட்டர்ஜெட் பகுதியில் கடுமையான அரிப்பு தெரியவந்தது. எஃகும் அலுமினியமும் அடுத்தடுத்து இருந்த இடம் அது. இப்படிப்பட்ட வேற்று உலோகத்துக்கும் அலுமினியத்துக்கும் நடுவே மின்சாரம் கடத்தாத தடுப்பாக நிற்பதுதான் எபாக்சியின் வேலை.

சிக்கல் என்னவென்றால், உலோகத்தைக் காக்கும் ஆக்சைடு படலமே எபாக்சிக்கு எதிரி. பழைய தகட்டில் அது தடித்து, விரலில் ஒட்டும் வெள்ளைப் பொடியாகப் பூத்திருக்கும். அதன்மேல் பூசினால் பூச்சு பொடியைத்தான் பிடித்துக்கொள்ளும்; பிறகு தோல்போல உரிந்து வரும்.

ஆகவே முதல் வேலை எண்ணெய்ப் பிசுக்கை நீக்குவது. உப்புத்தாள் அதற்குப் பிறகுதான். வரிசை மாறினால் பிசுக்கு கீறல்களுக்குள் இறங்கிவிடும். கரைப்பானில் நனைத்த துணியால் ஒரே திசையில் துடைத்து, துணியை அடிக்கடி மாற்ற வேண்டும். பிறகு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நீர் முத்து முத்தாகத் திரண்டால் பிசுக்கு இன்னும் போகவில்லை. ஒரே விரிப்பாகப் பரவினால் சுத்தம்.

காய்ந்ததும் 80ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்க்கலாம். இரும்புக் கம்பி பிரஷ் கூடவே கூடாது. அதன் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து புதிய அரிப்பைத் தொடங்கிவைக்கும். தேய்த்து முடித்த கணத்திலிருந்தே படலம் மறுபடி வளரும் என்பதால் உடனே பூச வேண்டும். முதல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது நல்ல உத்தி. புதிதாக வெளிப்படும் உலோகத்தைக் காற்றுக்கு முன்னால் எபாக்சி போய்ச் சேர்ந்துவிடும். கையுறை கட்டாயம்; எபாக்சியோடு கலக்கும் ஹார்ட்னர் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும்.

தகட்டின் வெப்பநிலை, காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிநிலையைவிட 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத ஈரம் பூச்சுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். அடுத்த பூச்சுக்கான இடைவெளி டப்பாவிலேயே இருக்கும். எபாக்சி வெயிலில் சுண்ணாம்பாக உதிரும் என்பதால், வெயில் படும் பகுதிக்குப் பாலியூரித்தேன் மேல்பூச்சு தேவை.

என் கருத்தில், அரைகுறைப் பூச்சைவிட வெறும் உலோகமே மேல். பூச்சில் ஒரு சிறு கீறல் விழுந்தாலும், அருகிலுள்ள வெண்கலத்தின் தாக்குதல் முழுவதும் அந்த ஒரு புள்ளியில் குவிந்து தகட்டைத் துளைத்துவிடும். டிரெய்லரில் ஏற்றி இறக்கும் ஏரிப் படகுக்கு அடிப்பூச்சே தேவையில்லை. கடலில் நிற்கும் படகுக்கு எபாக்சி பூசினாலும் மேலே தாமிர ஆக்சைடு இல்லாத பாசித்தடுப்பு பெயின்டையே வாங்குங்கள். அரிப்பைத் தாங்குவதற்காகப் பொருத்தியுள்ள துத்தநாகக் கட்டிகளின்மேல் மட்டும் எதையும் பூசிவிடாதீர்கள்.